நீருள் எரியும் விளக்கு
குமிழை மாற்றும் முறையும் அதற்குரிய காவலும்

நீரும் மின்சாரமும் ஓரிடத்திற் சேர்தல் ஆகாது என்பது சிறுவரும் அறிந்த பாடம். ஆயினும் அவ்விரண்டையும் வேண்டுமென்றே அருகருகே வைக்கும் இடம் ஒன்றுண்டு. அதுவே வீட்டு நீச்சல் தடாகம். ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா, புளோரிடா முதலிய பகுதிகளில் வீட்டு வளவினுள் தடாகம் அமைத்தல் பெருவழக்கு. இரவில் நீந்துவோர்க்கு ஒளி வேண்டித் தடாகச் சுவரிலே, நீர்மட்டத்தின் கீழ், விளக்குப் பொருத்துவர். நம் பழைய வீடுகளின் சுவரில் உள்ள விளக்கு மாடத்தை மனத்திற் கொண்டால் அதன் அமைப்பு எளிதில் விளங்கும். அத்தகைய மாடம் ஒன்று நீருள்ளே இருக்க, அதனுள் கண்ணாடி முகம் கொண்ட விளக்குக் கூடு அமர்ந்திருக்கும்.

அக்கூட்டின் குமிழ் எரிந்துபோனால், மாற்ற முற்படுபவர் தமக்கு நேரக்கூடிய ஆபத்தையே பெரும்பாலும் எண்ணுகின்றார். ஆனால், வேலை முடிந்த மறுநாள் அந்நீரில் இறங்கும் குழந்தையின் உயிரும் அவருடைய கைவேலையையே நம்பியிருக்கின்றது. இவ்விரண்டாவது ஆபத்தை மறவாதவரே இவ்வேலைக்கு உரியவர்.

ஆபத்தின் அளவு

உலர்ந்த தோலுடைய உடலின் மின்தடை ஓர் இலட்சம் ஓம் வரையும் இருக்கலாம். நனைந்த உடலில் அது ஏறத்தாழ 1,000 ஓமாகக் குறைந்துவிடும். அமெரிக்க வீடுகளின் அழுத்தம் 120 வோல்ற்று. ஓமின் விதியைக் கற்ற மாணவர், 120 மில்லி அம்பியர் மின்னோட்டம் உடலிற் பாயும் என உடனே கணித்துக்கொள்வர். இலங்கையின் 230 வோல்ற்றுக்கு அது 230 மில்லி அம்பியராகும். பத்து முதல் பதினாறு மில்லி அம்பியர் அளவிலேயே தசைகள் நம் வசம் இழந்துவிடும். நூறு அளவில் இதயத்துடிப்பே சீர்குலையக்கூடும். கரையில் நிற்பவர் தசை செயலிழந்தால் கீழே விழுவார். நீரில் நிற்பவரோ மூழ்கிவிடுவார்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ல்ஸ் டால்சியல் இத்தகைய அளவுகளை ஆராய்ந்தவர். மின்கசிவைக் கண்டவுடன் சுற்றைத் துண்டிக்கும் கருவியொன்றை அவர் 1961ஆம் ஆண்டில் உருவாக்கினார். செல்லும் மின்னோட்டமும் மீளும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என அக்கருவி இடையறாது ஒப்புநோக்கும். ஏறத்தாழ 5 மில்லி அம்பியர் வேறுபட்டாலும் கணப்பொழுதில் மின்சாரத்தை நிறுத்திவிடும். நம் வீடுகளில் ‘டிரிப் சுவிச்’ என வழங்குவதும் இவ்வினத்ததே. அது பொதுவாக 30 மில்லி அம்பியரில் இயங்குவது. பழைய தடாகமாயின் இக்காவற் கருவி உண்டா என்பதையே முதலில் அறிதல் வேண்டும்.

மாற்றும் முறை

விளக்கின் ஆளியை மாத்திரம் நிறுத்துதல் போதாது. மின்பலகையில் அச்சுற்றுக்குரிய ஆளியையும் நிறுத்தி, வேறொருவர் அறியாது போட்டுவிடாதபடி பூட்டிட வேண்டும். பூட்டு இல்லையேல் எச்சரிக்கைச் சீட்டேனும் ஒட்டுக. பின்னர் சோதனைக் கருவி கொண்டு மின்சாரம் இல்லையென உறுதிசெய்க. நீரில் ஒருவரும் இருத்தலாகாது.

தடாகத்து நீரை இறைக்க வேண்டியதில்லை. விளக்கு முகத்தின் மேற்பகுதியில் உள்ள ஒற்றைத் திருகாணியைக் கழற்றினால் கூடு மாடத்தை விட்டு வெளிவரும். அதனைக் கரைக்கு உயர்த்துவதற்குப் போதிய நீளமான மின்வடம் மாடத்தினுள்ளே சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். கூட்டை உலர்ந்த துணியின் மேல் வைத்து, நன்கு துடைத்த பின்னரே திறத்தல் வேண்டும்.

புதிய குமிழ் பழையதன் அழுத்தமும் வாற்றும் உடையதாக இருத்தல் அவசியம். நிலைமாற்றியின் துணையால் 12 வோல்ற்றில் எரியும் விளக்குகளும் உண்டு. அவற்றுக்குரிய குமிழை 120 வோல்ற்றுச் சுற்றிற் பொருத்தினால் அது வெடித்துவிடக்கூடும். ஹலோஜன் வகைக் குமிழைத் துணியாற் பிடிக்க வேண்டும்; விரலின் எண்ணெய்ப் பசை அதன் ஆயுளைக் குறைக்கும்.

அடுத்தது, அற்பமெனப் பலரும் கருதும் இறப்பர் வளையம். கண்ணாடிக்கும் கூட்டுக்கும் இடையே நீர் புகாது காப்பது இதுவே. பழைய வளையம் நசுங்கி இறுகியிருக்கும். ஆதலின், குமிழ் மாற்றுந்தோறும் வளையமும் புதிதாதல் வேண்டும். சிறு பணத்தை மிச்சம் பிடிக்கப் பழையதையே இடுபவர், மறுநாள் நீந்துவோர்க்குத் தீங்கு தேடுகின்றார். முகத்தைச் சுற்றித் திருகாணிகள் இருப்பின், எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குக. பின்பு, மின்சாரம் இல்லாத நிலையிலேயே கூட்டைச் சில நிமிடம் நீரில் அமிழ்த்திப் பார்க்க. உள்ளிருந்து குமிழிகள் தொடர்ந்து எழுமாயின் எங்கோ கசிவு உண்டு. மீண்டும் திறந்து சரிசெய்க.

கசிவில்லையெனக் கண்டபின் மின்வடத்தைச் சுருட்டி உள்ளே வைத்து, கழற்றிய அதே திருகாணியால் கூட்டை மாடத்திற் பொருத்துக. அதன் பின்னரே மின்சாரத்தை விடலாம். விளக்கைக் கரையில் வைத்து எரியவிடுதல் தவறு. 300, 500 வாற்றுக் குமிழ்களின் வெப்பத்தைத் தணிப்பது சூழ்ந்திருக்கும் நீரே. இறுதியாக, மின்கசிவுக் கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது துண்டிக்கின்றதா எனப் பார்த்த பின்னரே நீந்துவோரை அனுமதிக்கலாம்.

தாமே செய்யத் தகாதவை

கூட்டினுள் நீர் தேங்கியிருந்தாலோ, மின்வடத்தின் உறை வெடித்திருந்தாலோ, துண்டிக்கும் கருவி அடிக்கடி விழுந்தாலோ, தகுதி பெற்ற மின்னிணைப்பாளரை அழைப்பதே அறிவுடைமை. நீருள் செல்லும் வடத்தில் ஒட்டுப் போடுதல் கூடாது. கருவி அடிக்கடி விழுகின்றதே என்று அதனை நீக்கி நேரிணைப்புக் கொடுப்பது, திருடன் வந்தபோது குரைத்த நாயைக் கட்டிப்போடுவதை ஒக்கும்.

நம்மவர் வீடுகளிலே தடாகம் அரிதாயினும், கிணற்றடியில் மின் நீர்ப்பம்பி உண்டு. ஈரக்காலுடன் அதன் ஆளியைத் தொடும் பிள்ளைகளும் உளர். ஆங்கும் விதி இதுவே. மாதத்துக்கு ஒருமுறை டிரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது விழாதிருப்பின் அன்றே மாற்றுவியுங்கள்.