தூரில் காளான், வரப்பில் எலி

திருப்பனந்தாள் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் தென்னையின் தூரில் செம்பழுப்பு நிறத்தில் கெட்டியாக ஒரு காளான் முளைத்திருக்கிறது. பக்கத்து வரப்பில் எலி வளை. முதலில் எதைக் கவனிப்பது?"

காளானைத்தான்.

டெல்டாக்காரர்களுக்கு வயல் எலியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வளை வாயில் புதுமண்ணைக் குவித்துத் தன் இருப்பிடத்தை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். சாயங்காலம் மூங்கில் கிட்டி வைத்தால் விடிவதற்குள் சிக்கிவிடும்.

கானோடெர்மா என்னும் இந்தப் பூஞ்சை அப்படிச் சிக்காது. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத்தில் கவனிக்கப்பட்டதால், இது தரும் நோய்க்குத் 'தஞ்சாவூர் வாடல்' என்றே பெயர். வேர் வழியே நுழைந்து, மெல்லிய இழைகளாகப் பரவி, தண்டுக்கு உறுதி தரும் லிக்னினையே கரைத்துத் தின்கிறது. லிக்னினை முழுதாகச் சிதைக்க வல்ல உயிர்கள் மிகச் சில. இவை இல்லையென்றால் காட்டில் விழுந்த மரங்கள் மக்காமல் மலையாகக் குவிந்திருக்கும். எனக்கு இதன்மேல் உள்ள தீராத வியப்புக்கு அதுவே காரணம்.

அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு கசியும், மட்டைகள் வாடித் தொங்கும். காளான் பெரும்பாலும் கடைசியில்தான் வெளிவரும். அதை அரிவாளால் சீவி எறிந்து பயனில்லை; அது உள்ளே பரவிய பூஞ்சையின் காய் மாதிரிதான். எங்கள் கொல்லை மாமரத்தில் காயைப் பறித்ததால் மரம் போய்விட்டதா என்ன?

மண் தோண்டும் விலங்கும் பூஞ்சையும் எல்லா இடத்திலும் தொல்லை அல்ல. ஆஸ்திரேலியாவில் பாண்டிகூட் என்றொரு சிறிய பைப்பாலூட்டி உண்டு. அது மர வேர்களுக்குச் சத்து ஊட்டும் வேறு வகை நிலத்தடிக் காளான்களைத் தோண்டித் தின்று, எச்சத்தின் வழியே அவற்றின் வித்துகளைப் பரப்புகிறது. அங்கே மண் தோண்டும் விலங்கும் பூஞ்சையும் காட்டை வளர்க்கும் கூட்டாளிகள்.

இங்கே எலி, பூஞ்சை இரண்டுக்கும் விருந்து வைத்தவர்கள் நாம்தான். பட்ட தென்னையை வெட்டிவிட்டு அடிக்கட்டையை அப்படியே விடுகிறோம். பூஞ்சை அதில் குடியிருந்து அடுத்த மரத்தின் வேருக்குத் தாவுகிறது. வரப்பை அகலமாக விட்டுப் புல் மண்டவிட்டு எலிக்கு வீடு கட்டித் தருகிறோம். பிறகு விஷம் வைத்து, அந்த எலியைத் தின்னும் ஆந்தையையும் சேர்த்துச் சாகடிக்கிறோம்.

கட்டையை வேரோடு அகழ்ந்து எரியுங்கள். நோய் கண்ட மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டி மற்ற மரங்களிலிருந்து பிரியுங்கள். ஆண்டுதோறும் மரத்துக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு இடுங்கள். வரப்பைச் சிறிதாக்கி, வயலில் ஆந்தை உட்காரக் குச்சி நடுங்கள். இவற்றில் பெரிய செலவு எதுவும் இல்லை. சாறு கசியும் முதல் நாளிலேயே மரத்தைக் குனிந்து பார்க்கும் அக்கறைதான் வேண்டும்.