விளையாட்டு முடிந்த பிறகு மனத்தில் நிற்பது எது?

படிவம் ஒன்று மாணவரின் வயதுதான் அந்தச் சிறுவனுக்கும். பெயர் வில்லிஸ் கிப்சன். வயது 13. அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்தவர். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி டெட்ரிஸ் விளையாட உட்கார்ந்தார். சுமார் 38 நிமிடங்களுக்குப் பிறகு, 157ஆவது நிலையில், திரை அப்படியே உறைந்துவிட்டது. கட்டை விழவில்லை. பொத்தானை அழுத்தினாலும் எதுவும் நகரவில்லை.

பொதுவாகக் கணினி இப்படி நின்றுவிட்டால் நமக்கு எரிச்சல்தான் வரும். அவருக்கோ மகிழ்ச்சி தாங்கவில்லை. 1989இல் நிண்டெண்டோ கருவிக்காக வெளிவந்த அந்த டெட்ரிசை, அது திணறி நிற்கும் இடம் வரை கொண்டுபோன முதல் மனிதர் அவர்தான். அதற்கு முன் ஒரு கணினி நிரல் மட்டுமே அந்த எல்லையைத் தொட்டிருந்தது. 34 ஆண்டுகளாக எந்த மனிதரும் பார்க்காத முடிவு அது.

வீடியோ கேம் விளையாடும் மாணவர்கள் தங்களுக்கு மிகப் பிடித்த முடிவு எது என்று வாதாடுவது வழக்கம். இந்த வாரம் அந்த முடிவுகளுக்குள் இருக்கும் அறிவியலைப் பார்ப்போம். (சில விளையாட்டுகளின் முடிவு இங்கே சொல்லப்படுகிறது. நீங்களே விளையாடித் தெரிந்துகொள்ள விரும்பினால் அந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லுங்கள்.)

இயந்திரம் எழுதிய முடிவு

டெட்ரிசை 1984இல் மாஸ்கோவில் உருவாக்கியவர் அலெக்சி பாஜித்னோவ். அதற்குக் கதை கிடையாது, கடைசிக் காட்சியும் கிடையாது. கட்டைகள் விழுந்துகொண்டே இருக்கும். நாம் தோற்கும்போதுதான் ஆட்டம் முடியும்.

நிண்டெண்டோ டெட்ரிசில் 29ஆவது நிலைதான் கடைசி என்று நெடுங்காலம் நம்பினார்கள். காரணம் எளிய கணக்கு. அந்தக் கருவி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 60 முறை திரையைப் புதிதாக வரைகிறது. 29ஆவது நிலையில், ஒவ்வொரு முறையும் கட்டை ஒரு வரிசை கீழே இறங்கும். மொத்தம் 20 வரிசைகள். அதாவது, மேலிருந்து அடிவரை வந்துசேர 20/60 விநாடி. ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு! பொத்தானைச் சும்மா அழுத்திப் பிடித்திருந்தால், கட்டை ஓரத்துக்குப் போகும் முன்பே தரையைத் தொட்டுவிடும்.

விளையாட்டாளர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு கையின் கட்டைவிரலைப் பொத்தான்மேல் லேசாக வைத்துக்கொண்டு, மறுகையின் விரல்களால் கருவியின் பின்புறத்தை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுவார்கள். மிருதங்கத்தில் விரல்கள் உருள்வதைப் போல. ஒவ்வொரு தட்டுக்கும் பொத்தான் கட்டைவிரலில் மோதி ஒருமுறை அழுந்தும். கட்டை ஓரம் வரை ஓடியது. 29 என்ற சுவர் உடைந்தது.

அதற்கப்பால் இருந்தது இயந்திரத்தின் சொந்த எல்லை. நிலைகள் கூடக் கூட, மதிப்பெண்ணைக் கணக்கிடும் வேலைக்கு அதிக நேரம் பிடிக்கிறது. அடுத்த படத்தை வரைய வேண்டிய நேரம் வந்தும் முந்தைய கணக்கு முடியவில்லை என்றால், நிரல் தடம் மாறிப்போய் நின்றுவிடும். கிப்சன் கண்ட முடிவு இதுதான். அதை எந்தக் கதாசிரியரும் எழுதவில்லை.

255க்குப் பிறகு என்ன?

இயந்திரம் எழுதிய முடிவுகளில் மிகப் புகழ்பெற்றது பேக்மேன் விளையாட்டின் முடிவு. 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்டது இது. இதன் 256ஆவது நிலையில் திரையின் இடது பாதி ஒழுங்காக இருக்கும். வலது பாதி முழுவதும் எழுத்தும் எண்ணும் வண்ணத் துண்டுகளும் கலந்து சிதறிக் கிடக்கும். உண்ண வேண்டிய புள்ளிகள் போதிய அளவு கிடைக்காததால் அந்த நிலையை முடிக்கவே முடியாது.

ஏன் 256? படிவம் நான்கு கணிதத்தில் எண் அடிமானம் படித்தவர்களுக்கு உடனே பொறி தட்டும். அந்த நிரல், நிலையின் எண்ணை எட்டு இலக்க ஈரடிமான எண்ணாகச் சேமிக்கிறது. எட்டு இலக்கத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 11111111. நமது பத்தடிமானத்தில் அது 255. அதனுடன் 1ஐக் கூட்டினால் 100000000 வரும். ஒன்பதாவது இலக்கத்துக்கு இடமில்லை. முன்னால் உள்ள 1 விழுந்துவிடும். மிஞ்சுவது பூச்சியம்.

தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறி இறங்கும் பழைய காய்கறி லாரியின் ஓட்டமானியை நினைத்துக்கொள்ளுங்கள். 999999க்குப் பிறகு அது 000000 காட்டும். லாரி புதிதாகிவிடவில்லை. எண்ணிக்கைக்கு இடம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

பேக்மேனில் முதல் நிலை 0 என்று சேமிக்கப்படுவதால் 256ஆவது நிலை 255 ஆகிறது. திரையின் அடியில் பழப் படங்களை வரையும் பகுதி இந்த எண்ணுடன் 1ஐக் கூட்டுகிறது. விடை 0. பிறகு ஒவ்வொரு பழமாக வரைந்து, ஒவ்வொன்றாகக் கழித்து, பூச்சியம் வந்ததும் நிறுத்த வேண்டும். ஆனால் தொடக்கமே பூச்சியம். அதிலிருந்து 1ஐக் கழித்தால் 255. ஆக, வழக்கமாக ஏழு பழங்களுக்குமேல் வரையாத நிரல் 256 படங்களை வரையத் தொடங்குகிறது. அத்தனை படங்கள் அதனிடம் இல்லை. நினைவகத்தில் கிடக்கும் வேறு எதையெதையோ எடுத்துத் திரையில் அள்ளிப் போடுகிறது.

இதோ உங்களுக்கு ஒரு கணக்கு. 1981இல் வந்த டோங்கி கோங் விளையாட்டில், ஒவ்வொரு நிலைக்கும் தரப்படும் நேரத்தை நிரல் இப்படிக் கணக்கிடுகிறது: நிலையின் எண்ணுடன் 4ஐக் கூட்டி, 10ஆல் பெருக்கு. இதற்கும் இடம் எட்டு இலக்கம்தான். எந்த நிலையில் ஆட்டம் முடிந்துபோகும்? 21ஆவது நிலையில் விடை 250. இடம் போதும். 22ஆவது நிலையில் 260. அதிலிருந்து 256 போக, மிஞ்சுவது வெறும் 4. கதாநாயகன் ஏணியில் ஏறுவதற்குள் நேரம் தீர்ந்து ஆட்டம் முடிந்துவிடும்.

ஆக்கியவர் எழுதிய முடிவு

மனிதர் திட்டமிட்டு அமைக்கும் முடிவு வேறு வகை. அது தமிழருக்குப் புதிதல்ல. பாம்பும் ஏணியும் கொண்ட பரமபதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் இருக்கும் கட்டம்தான் பரமபதம். அந்த விளையாட்டின் பெயரே அதன் முடிவுதான்!

இக்கால வீடியோ விளையாட்டுகளில் அறிவியல் மாணவர்கள் மறக்காத முடிவு, 2011இல் வெளிவந்த போர்ட்டல் 2. இதில் உங்கள் கையில் ஒரு கருவி இருக்கும். அதைக் கொண்டு இரண்டு இடங்களில் வாசல் திறக்கலாம். ஒன்றில் நுழைந்தால் மற்றொன்றில் வெளிவரலாம். எல்லாச் சுவரிலும் வாசல் திறக்காது. நிலாப்பாறைத் தூள் கலந்த வெள்ளைப் பூச்சில் நன்றாகத் திறக்கும் என்று ஆட்டத்தின் நடுவே போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார்கள்.

கடைசிச் சண்டையில் கூரை உடைகிறது. மேலே வானத்தில் முழுநிலா. என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் உங்களுக்குத் தெரியும். நிலாவை நோக்கிச் சுடுகிறீர்கள். ஒரு சிறு இடைவெளி. பிறகு நிலாவில் ஒரு பொறி மின்னுகிறது. வாசல் திறந்து, அறையில் உள்ள அனைத்தும் நிலாவை நோக்கிப் பறக்கின்றன.

அந்தச் சிறு இடைவெளியைக் கவனியுங்கள். நிலா சராசரியாக 384,400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒளியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 300,000 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் சுமார் 1.28 விநாடி. ஒளிகூட நிலாவை உடனே தொட்டுவிட முடியாது.

இன்னொன்றும் உண்டு. வெற்றிடம் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டது என்று நாம் சொல்வோம். உண்மையில் வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை. நம் பக்கத்துக் காற்றுதான் தள்ளுகிறது. கடல்மட்டத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது காற்று கொடுக்கும் விசை ஏறத்தாழ 100,000 நியூட்டன். சுமார் 10 டன் எடைக்குச் சமம். மறுபக்கத்தில் எதிர்த்துத் தள்ளக் காற்றே இல்லையென்றால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

இந்த முடிவு ஏன் மனத்தில் நிற்கிறது? முன்பு கற்ற ஒன்றை, சரியான நேரத்தில், நாமே பயன்படுத்துகிறோம். முடிவைப் பார்ப்பவராக அல்ல, செய்பவராக இருக்கிறோம்.

இட்லித் தட்டில் தொடங்கிய கதை

வெடியும் சண்டையும் இல்லாமலும் ஒரு முடிவு நெஞ்சைத் தொட முடியும். 2023இல் கனடாவின் டொரொண்டோவிலிருந்து ‘விசை’ என்ற தமிழ்ப் பெயர் கொண்ட நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு ‘வெண்பா’. 1980களின் இறுதியில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விளையாட்டு விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாக இது தேர்வு பெற்றது.

வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. பல பக்கங்கள் கிழிந்தும் மங்கியும் போயிருக்கின்றன. விடுபட்ட படிகளை நாம்தான் ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் உணவு இட்லி. நீராவி எல்லாத் தட்டுக்கும் போய்ச் சேர்ந்தால்தான் இட்லி வேகும். நீராவி மாவைத் தொட்டு நீராக மாறும்போது, ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பத்தை விட்டுச் செல்கிறது. அதே ஒரு கிலோகிராம் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகை செல்சியசுக்குச் சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைப்போல் ஏழு மடங்குக்கும் மேல் இது. இந்த உள்ளுறை வெப்பம்தான் இட்லியை வேக வைக்கிறது. (நம் ரிங்லெட் உயரமான இடம் என்பதால் இங்கே நீர் சுமார் 96 பாகையிலேயே கொதித்துவிடும்.)

கதையின் பின்பகுதியில் நாம் தாயாக அல்ல, வளர்ந்துவிட்ட மகனாக விளையாடுகிறோம். தமிழைத் தட்டுத் தடுமாறிப் படிக்கும் அவன், அம்மாவின் குறிப்பை வைத்துச் சமைக்க முயல்கிறான். கடைசியில் இந்தியா திரும்பிவிட்ட தாயிடம் போய்ச் சேர்கிறான். அவ்வளவுதான் முடிவு. தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போன அண்ணன் அக்காமார், “அம்மா, ரசத்துக்குப் புளி எவ்வளவு?” என்று தொலைபேசியில் கேட்கும் வீடுகள் நம் மலையில் எத்தனை! அந்த வீடுகளில் இந்த முடிவுக்கு விளக்கமே தேவையில்லை.

கடைசி ஏன் நிற்கிறது?

முடிவுக்கு இவ்வளவு வலிமை எப்படி வந்தது? 1993இல் உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். 32 பேர் பங்கேற்றார்கள். ஒருமுறை அவர்கள் ஒரு கையை 14 பாகை செல்சியஸ் குளிர்நீரில் 60 விநாடி வைத்திருக்க வேண்டும். இன்னொரு முறை மறுகையை அதே குளிர்நீரில் 60 விநாடி வைத்து, எடுக்காமல் மேலும் 30 விநாடி வைத்திருக்க வேண்டும். அந்த 30 விநாடியில் நீர் மெல்ல 15 பாகைக்கு வந்துவிடும். இன்னமும் குளிர்தான், ஆனால் கொஞ்சம் பரவாயில்லை.

மூன்றாவது முறைக்கு எது வேண்டும் என்று கேட்டபோது, 22 பேர் நீண்ட சோதனையையே கேட்டார்கள். மொத்த வலி அதிகம் என்றாலும், அது சற்று இதமாக முடிந்தது. மனம் ஓர் அனுபவத்தின் நீளத்தை எடுத்து வைத்துக்கொள்வதில்லை. அதன் உச்சத்தையும் முடிவையும்தான் பெரும்பாலும் வைத்துக்கொள்கிறது. கானமனுக்கு 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

முடிவே இல்லாவிட்டால்?

இப்போது உங்கள் கைப்பேசிக்கு வருவோம். அதில் உள்ள பல விளையாட்டுகளுக்குக் கடைசிக் காட்சி என்று ஒன்று கிடையாது. ஓர் ஆட்டம் முடிந்தால் அடுத்தது காத்திருக்கும். இன்றைய பணி, நாளைய பரிசு, அடுத்த பருவம் என்று தொடர்ந்துகொண்டே போகும். இது தற்செயல் அல்ல. 1928இல் மரியா ஓவ்சியன்கினா என்ற உளவியலாளர், பாதியில் நிறுத்தப்பட்ட வேலையை, யாரும் சொல்லாமலே மனிதர் மீண்டும் எடுத்து முடிக்க விரும்புவதைக் காட்டினார். எப்போதும் ஏதாவது ஒன்றைப் பாதியில் விட்டு வைக்கும் விளையாட்டு நம்மைத் திரும்பத் திரும்ப அழைக்கும்.

அத்தகைய விளையாட்டு கெட்டது என்று சொல்ல வரவில்லை. சதுரங்கத்துக்கும் காற்பந்துக்கும்கூடக் கடைசி ஆட்டம் கிடையாது. ஆனால் திடலில் நடுவர் ஊதல் ஊதுவார், இருட்டும், வீட்டுக்குப் போவோம். கைப்பேசியில் ஊதல் ஊத யாரும் இல்லை. போன பள்ளி விடுமுறையில் மூன்று மணி நேரம் விளையாடிய ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். எது ஞாபகம் வருகிறது? எதுவும் வரவில்லை என்றால், உங்கள் ஞாபக சக்தியைக் குறை சொல்ல வேண்டாம். நினைவில் வைக்கும்படி அங்கே ஒரு முடிவு இருக்கவில்லை.

ஆகவே ஊதலை நீங்களே ஊதுங்கள். தொடங்கும் முன்பே எங்கே முடிப்பது என்று முடிவு செய்து ஒரு தாளில் எழுதிவையுங்கள்: இரண்டு ஆட்டம், அல்லது இந்த நிலை வரை. தோற்ற எரிச்சலில் எழுந்திருக்காமல், நன்றாக ஆடிய ஓர் ஆட்டத்தோடு எழுந்துபாருங்கள். பாடம் படிக்கும்போதும் இதே வழியை முயலலாம். கடினக் கணக்குகளை முதலில் போட்டுவிட்டு, உங்களுக்கு நன்றாக வரும் ஒரு கணக்கோடு புத்தகத்தை மூடுங்கள். மறுநாள் அந்தப் புத்தகத்தைத் திறக்கக் கை தயங்குகிறதா இல்லையா என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். சோதனைக் குழாய் இல்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய ஆய்வு இது.