சிசுவின் எடையும் ஊரின் நிலைமையும்

பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் குறைந்த சிசுவை எடை குறைந்த சிசு என்பது வைத்திய வழக்கு. அத்தகைய சிசுவுக்கு முதல் மாதத்தில் அபாயம் அதிகம். கொல்லிமலையில் சிசு சிறுத்துப் பிறந்தால், மலைவாசிகளின் தேக அமைப்பே அப்படி என்று சொல்லிவிடுவோர் உண்டு. அது சரியானால் சங்கத்தார் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

காரணம் குலமா, இருப்பிடமா என்பதை அமெரிக்காவில் ஆராய்ந்திருக்கின்றனர். இலினாய் மாகாணத்தில் 1980 முதல் 1995 வரை நிகழ்ந்த பிரசவங்களைப் பற்றி டேவிட், காலின்ஸ் என்னும் வைத்தியர்கள் 1997-ல் எழுதினர். அந்நாட்டில் பிறந்த வெள்ளை ஸ்திரீகளின் சிசுக்கள் சராசரி 3,446 கிராம். அந்நாட்டில் பிறந்த கறுப்பு ஸ்திரீகளின் சிசுக்கள் 3,089 கிராம். ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறிய கறுப்பு ஸ்திரீகளின் சிசுக்களோ 3,333 கிராம். குலமே காரணமாயின் கடைசியாகச் சொன்ன சிசுக்களே மிகச் சிறியனவாய் இருந்திருக்க வேண்டும். குடியேறுவோரிற் பலர் படிப்பும் தேகவலிமையும் உள்ளவர் என்பது மெய்யே. அப்படியானாலும் அது வாழ்க்கை நிலைமையைச் சேர்ந்ததேயன்றி இரத்தத்தைச் சேர்ந்ததன்று.

சோளக்காட்டின் நிலைமை யாது? காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் பாதைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். வலி கண்டபின் அவ்வழியே இறங்குவது எளிதன்று. சாலையை விட்டு விலகிய சிற்றூராருக்குச் சாலையை அடைவதே ஒரு பிரயாணம்.

ஆகாரமோ அதனினும் பெரிய விஷயம். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த காடுகளிற் பல மரவள்ளிக்கு மாறிவிட்டன. ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்குவதால் ரொக்கம் கிடைக்கிறது. மாறியவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் கிழங்கில் புரதம் நூற்றுக்கு ஏறக்குறைய 1 பங்குதான். கேழ்வரகு 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து மட்டுமே சுமார் 350 மில்லிகிராம் உண்டு. சாமை குறைந்ததற்கு உரலும் ஒரு காரணம். தொலி நீக்கும் வேலை முழுவதும் ஸ்திரீகளைச் சேர்ந்தது. கர்ப்பிணிக்கும் அதில் விலக்கில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களில் இம்மலையில் தொடங்கிய சிறுதானிய வேலையின் தொடர்ச்சியாக அரைவை யந்திரங்களைக் கிராமக் குழுக்களிடம் ஒப்படைத்ததன் தாத்பரியம் இதுவே.

சங்கத்தின் பண்டகசாலையில் கேழ்வரகும் பயறும் வைத்து, கர்ப்பிணி உள்ள வீட்டுக்கு அறுவடைத் தவணையில் கடனாகக் கொடுக்கலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின்படி சர்க்கார் 18,000 ரூபாய் பெறுமான உதவி அளிக்கிறது. அதற்குக் கர்ப்பத்தின் 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். இத்தகவலைச் சங்கக் கூட்டத்தில் ஆண்களுக்கும் அறிவிப்பது உசிதம். பிரசவ நாளுக்கு முன்னரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அருகில் போய்த் தங்கலாம் என்றால், மூத்த குழந்தையையும் ஆடுமாடுகளையும் யார் பார்ப்பது என்று தாய் கேட்பாள். அண்டை வீட்டார் முறை வைத்துக்கொண்டு அப்பொறுப்பை ஏற்கும் ஏற்பாட்டைச் சங்கமே செய்யலாம். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.