மாடி ஏறாத வைஃபை

வயர்லெஸ் ரூட்டரின் அலைக்குச் சுவரைவிடப் பெரிய தடை மாடித் தளம். செங்கல் சுவரைக் கடந்து பக்கத்து அறைக்குப் போய்விடும் சிக்னல், முறுக்குக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்ட தளத்தில் திணறிவிடுகிறது. தமிழ்நாட்டின் மாடி வீடுகள் பெரும்பாலும் அப்படிக் கட்டியவைதாம். ஃபைபர் கேபிள் வீட்டுக்குள் நுழையும் மூலையிலேயே, தரைத்தள ஹாலில் டிவிக்குப் பின்னால் ரூட்டர் உட்கார்ந்துவிடும். இரண்டாம் மாடியில் ஆன்லைன் வகுப்பு விட்டு விட்டு ஓடும்.

ரூட்டர் பொதுவாக இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ.; 5 ஜிகாஹெர்ட்ஸில் அது சுமார் 6 செ.மீ. முன்னது தளத்தைத் தாண்டி ஓரளவு மேலே வரும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே; அக்கம்பக்கத்து ரூட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் நெரிசல் போடுகின்றன. பின்னது வேகமானது, மாடி ஏறத்தான் மாட்டாது. அதனால் இரண்டும் உள்ள டூயல் பேண்ட் ரூட்டருக்குக் குறைந்து எதையும் வாங்க வேண்டியதில்லை.

அட்டைப்பெட்டியில் இருக்கும் ஏசி1200 என்ற எண்ணைப் பார்த்து 1,200 எம்பிபிஎஸ் வேகம் கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 2.4-இல் 300, 5-இல் 867 என இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய ஏட்டுக் கணக்கு அது. அதைவிட முக்கியம், பின்புறத்து லேன் போர்ட். மலிவான சில மாடல்களில் அது 100 எம்பிபிஎஸ் மட்டுமே கடத்தும். 200 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டும் வீட்டில் பாதி வீண். கிகாபிட் போர்ட் இருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுவிட வேண்டும்.

ஆன்டெனாக்களை எண்ணி வாங்குவதும் பயனற்றது. குச்சி ஆன்டெனாவின் அலை, ஓட்டையில் குச்சி செருகிய உளுந்து வடைபோலச் சுற்றிலும் பரவுகிறது. குச்சியின் நுனித் திசையில் மிகவும் குறைவு. எல்லாவற்றையும் செங்குத்தாக நிறுத்தினால் மாடிக்குப் போவது மிச்சம் மீதிதான். ஒன்றைப் படுக்கவைத்துப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. ரூட்டரைப் படிக்கட்டின் அருகே வைப்பது இன்னும் நல்லது. தளம் இல்லாத திறப்பு வீட்டில் அது ஒன்றே. இரும்பு பீரோ, கண்ணாடி, மீன் தொட்டி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

இரண்டு தளங்கள் உள்ள சிறிய வீட்டுக்கு, நடுவாக வைத்த ஒரு வைஃபை 6 ரூட்டர் போதுமானதாக இருக்கலாம். மூன்று தளங்கள் என்றால், எவ்வளவு விலை கொடுத்தாலும் ஒற்றை ரூட்டரால் ஆகாது. அதற்கு மலிவான வழியாக விற்கப்படும் ரிப்பீட்டர், ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. மெஷ் கருவிகள் மேல். போனுடன் மாடி ஏறுபவரை ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டில் அடுத்த கருவிக்குக் கைமாற்றிவிடும். ஆனாலும் தங்களுக்குள் கம்பியின்றிப் பேசும்போது அவையும் அதே கான்கிரீட்டைத்தான் கடக்க வேண்டும்.

உறுதியான தீர்வு ஒரு கேபிள். கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை 1 கிகாபிட் வேகத்தைக் கொண்டுசெல்லும். அதன் மேல்முனையில் சாதாரண ரூட்டர் ஒன்றை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்றி மாட்டினால், மாடியிலும் ஹாலின் வேகம் கிடைக்கும். விலையுயர்ந்த ஒற்றை ரூட்டரைவிட இந்த ஏற்பாடு பல வீடுகளில் மலிவாகவே முடியும். மின்வெட்டின்போது இரண்டு கருவிகளும் ஓட இன்வெர்ட்டர் இணைப்போ சின்ன யுபிஎஸ்ஸோ தேவை.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், தளம் போடுவதற்கு முன்பே மாடிக்கு மாடி ஒரு காலிப் பைப் விட்டுவைக்கும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடலாம். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே லேன் கேபிளையும் சேர்த்து இழுக்கக் கூடாது.