காலடியில் ஒரு பௌதிகவியல் பாடம்

மின்கிட்டார் வாசிப்பவரின் காலடியில், சோப்புப் பெட்டியளவில் ஓர் உலோகப் பெட்டி இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதைக் காலால் ஒருமுறை அழுத்தினால், தெளிவாக ஒலித்த தந்தி கரகரத்து உறுமத் தொடங்கும். இதனைப் ‘பெடல்’ என்பர். கடையில் விற்கும் பெடல் எங்கள் நானாவின் கைக்கு எட்டாத விலையில் இருந்தது. எனவே வீட்டிலேயே செய்து கொடுக்க நான் முன்வந்தேன். உயர்தர வகுப்பில் நாம் கற்கும் பௌதிகவியலே அதற்குப் பெரிதும் போதுமானது.

இந்த உறுமல் ஒலி ஒரு பழுதிலிருந்து பிறந்தது என்றால் வியப்பாக இருக்கும். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பதிவாகி 1961 இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் பாடலொன்றில், ஒலிப்பதிவுக் கருவி பழுதானதால் கிட்டார் கரகரத்தது. ஒலிப்பதிவுப் பொறியியலாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை ஆராய்ந்து, அதே ஒலியைத் தரும் சுற்றொன்றை அமைத்தார். அது 1962 இல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெடலாக விற்பனைக்கு வந்தது.

இனி, பெட்டிக்குள் நடப்பதைப் பார்ப்போம். கிட்டாரில் காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும் உள்ளன. உருக்குத் தந்தி அதிரும்போது சுருளில் சிறிய மின்னியக்க விசை தூண்டப்படுகிறது. அதை 50 மில்லிவோல்ற்று எனக் கொள்வோம். இது 741 என்ற செயற்பாட்டு விரியலாக்கிக்குள் செல்கிறது. பின்னூட்டத் தடை 470 கிலோ ஓம், மற்றைய தடை 10 கிலோ ஓம் எனின், நயம் 1 + 470/10 = 48. எனவே வெளியே வருவது 2.4 வோல்ற்று.

அடுத்து, 10 கிலோ ஓம் தடையொன்றைத் தாண்டி, எதிரெதிர்த் திசைகளில் இரு சிலிக்கன் இருவாயிகள் நிற்கின்றன. வோல்ற்றளவு ஏறத்தாழ 0.6 ஐத் தொட்டதும் ஒன்று அலையின் மேல் முடியையும் மற்றையது கீழ் முடியையும் வெட்டிவிடும். மலையுச்சியைச் சீவி மேடாக்கியது போல அலை தட்டையாகிறது. அவ்வாறு தட்டையாகும்போது, 110 ஹேர்ட்ஸ் மீடிறனுடைய சுரத்தில் 330, 550 ஹேர்ட்ஸ் மேற்றொனிகள் பலமடைகின்றன. நாம் உறுமலாகக் கேட்பது அவற்றைத்தான்.

741 க்கு நேர், மறை ஆகிய இரு வழங்கல்களும் தேவை. நம்மிடம் இருப்பதோ 9 வோல்ற்று பற்றரி ஒன்று. ஒரு மெகா ஓம் தடைகள் இரண்டைத் தொடராக இணைத்து, நடுவிலிருந்து 4.5 வோல்ற்றைப் பெறலாம். இந்த நிலையான வோல்ற்றளவு கிட்டாருக்கோ இருவாயிகளுக்கோ செல்லாதபடி உள்ளேயும் வெளியேயும் கொள்ளளவிகள் தடுக்கின்றன. 10 கிலோ ஓம் தடைக்கும் புவி இணைப்புக்கும் இடையிலும் ஒரு கொள்ளளவி வேண்டும்.

துளைப்பலகையில் பாகங்களைப் பற்றாசு பிடிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: சூடாக்க வேண்டியது பற்றாசை அல்ல, மூட்டை. மூட்டு சூடானால் பற்றாசு தானே உருகி ஓடிப் பளபளப்பாகப் படியும். மூடுவதற்கு முன் பல்மானியால் 741 இன் 6 ஆம் முனையை அளந்து பாருங்கள், ஏறத்தாழ 4.5 வோல்ற்று இருந்தால் சுற்று சரியான பாதையில் உள்ளது. உறையாக நான் எடுத்தது பழைய இனிப்பு ரின். ரின்னைப் புவி இணைப்புடன் சேர்த்தால், வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் பெருமளவு குறையும். பிளாஸ்டிக் பெட்டியில் இந்த நன்மை இல்லை.

பெற்றோருக்கும் சில வார்த்தைகள். 9 வோல்ற்று பற்றரியால் மின்னதிர்ச்சி ஏற்படும் என்ற பயம் வேண்டாம். கவனம் தேவைப்படுவது சூடான கருவியிலும் புகையிலும்தான். யன்னலைத் திறந்து வைத்து, கருவியை அதற்குரிய தாங்கியில் வைத்து, ஈயம் கலந்த பற்றாசைத் தொட்ட கைகளைக் கழுவினால் போதும். “பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை?” என்று எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் கேட்டார். வாப்பா எதுவும் சொல்லாமல் மேசை விளக்கை என் பக்கம் திருப்பி வைத்தார். பூவேலைக்குப் பழகிய கைக்கு, ஒரு மில்லிமீற்றர் மூட்டில் பற்றாசு வைப்பது சிரமமானதல்ல.

பாடப் புத்தகத்தில் இருவாயியின் வளைகோட்டைப் பலமுறை வரைந்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் இன்னொரு இருவாயியைத் தொடராகச் சேர்த்தபோது ஒலி மாறியது. இரண்டையும் எடுத்துவிட்டுச் சிவப்பு எல்.ஈ.டி.க்களைப் போட்டபோது ஒலி உரத்தது, கரகரப்புக் குறைந்தது. எல்.ஈ.டி. கடத்தத் தொடங்க ஏறத்தாழ 1.7 வோல்ற்று வேண்டும் என்பதே காரணம். அன்று அந்த வளைகோட்டைக் காதால் கேட்டேன். அதன் பின் அதை மனனம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

கிட்டார் இல்லாத வீடுகளிலும் பழுதான ரோச் லைற்றோ வானொலியோ இருக்கும். பற்றரியைக் கழற்றிவிட்டு, அதைத் திறந்து பாருங்கள் தோழியரே! நாம் பரீட்சைக்காகப் படிப்பவை அங்கே நமக்காகக் காத்திருக்கின்றன.