ஸ்கேனில் தெரிந்த வெள்ளை வளையம்

டீ ஆறட்டும், அதற்குள் ஒரு ஸ்கேன் படத்தைப் பற்றிப் பேசிவிடலாம். கொங்கு நகரோ அனுப்பர்பாளையமோ, திருப்பூரில் எந்த லைன் வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென்று ஒரு பக்கக் கை வெட்டி இழுக்கிறது. பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கும் அம்மா போட்டது போட்டபடி ஓடிவருகிறார். ஸ்கேன் எடுத்தால் மூளையில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு வெள்ளை வளையம். "கட்டிங்களா டாக்டர்?"

பெரும்பாலும் இல்லை. ஒரு காலத்தில் மருத்துவர்களே இதில் குழம்பியிருக்கிறார்கள். இப்படிப் புள்ளி தெரிந்தால் மூளைக் காசநோய் என்று மாதக்கணக்கில் டிபி மருந்து கொடுத்தார்கள். புள்ளி மறைந்தால், மருந்து கேட்டது என்று நம்பினார்கள். வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அந்தப் புள்ளிகளை எடுத்துச் சோதித்தார்கள். உள்ளே இருந்தது நாடாப்புழுவின் இளம்பருவப் பை. 1989இல் லான்செட் இதழில் அதை எழுதினார்கள். பிறகு, அறுக்காமலே கண்டுகொள்ள விதிகள் வகுத்தார்கள்: புள்ளி ஒன்றே ஒன்று, 20 மி.மீ.க்குள், வீக்கம் மூளையை ஒரு பக்கமாகத் தள்ளவில்லை, தலைக்குள் அழுத்தம் ஏறவில்லை, கைகால் பலவீனம் கூடிக்கொண்டே போகவில்லை, உடம்பில் வேறு நோய் இல்லை. மண்டையைத் திறக்காமலே பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்க வழி செய்த வேலை இது. இங்கே பலருக்கு இது தெரியவே தெரியாது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

நாடாப்புழு என்றதும், "நாங்க கறியே திங்கறதில்லைங்களே" என்பார்கள். சரியாக வேகாத பன்றிக்கறியால் வருவது குடலில் வளரும் புழு. மூளைப் பை வருவது அதன் முட்டையால். குடலில் புழு உள்ளவரின் மலத்தோடு வெளியேறும் முட்டை கழுவாத கை, தண்ணீர், பச்சைக் காய்கறி வழியாக அடுத்தவர் வாய்க்குள் போகிறது. காம்பவுண்டுக்கே ஒரு கக்கூஸ், அதிலும் சோப்பு இல்லை என்றால் சைவக் குடும்பமும் தப்பாது. வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் தலையில் இந்த நோயைக் கட்டுவது அநியாயம்.

பை உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் சத்தமில்லாமல் கிடக்கும். அது சாகத் தொடங்கும்போது உடம்பு அதை எதிர்த்துக் கிளம்புகிறது. அந்த அழற்சிதான் வலிப்பாக வெளிப்படுகிறது. அதனால் வலிப்பு மாத்திரைதான் முதலில். சிலருக்கு அல்பெண்டசோலும் ஸ்டீராய்டும் சேர்ப்பார்கள். பல பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் புள்ளி கரைந்துவிடும். சுண்ணாம்பாக உறைந்து தங்கிவிட்டால் மாத்திரை நீளும். எது நடந்திருக்கிறது என்பது மறு ஸ்கேனில்தான் தெரியும். ஒன்றரை ஷிப்ட் ஓடும் வாரத்தில் லீவு கிடைக்காது, "பிட்ஸ்தான் நின்னுருச்சே" என்று மாத்திரையை விட்டுவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

நடுவில் மறுபடி வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேட வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108ஐக் கூப்பிடுங்கள்.