போர்ட்லாந்தியா: ஓர் இறப்பர் நகரின் தோல்வியும் அதன் காரணங்களும்

பிறேசிலின் பாரா மாநிலத்தில், அமேசனின் கிளைநதியான தப்பாஜோஸின் கரையிலே, அமெரிக்க மோட்டார் உற்பத்தியாளர் ஹென்றி போர்ட் 1928இல் ஒரு நகரை அமைக்கத் தொடங்கினார். போர்ட்லாந்தியா எனப்பட்ட அந்நகரும் அதனைச் சார்ந்த தோட்டங்களும் 1945இல் ஏறத்தாழ 2 கோடி டொலர் நட்டத்துடன் கைவிடப்பட்டன. செல்வந்தர் ஒருவரின் விபரீத ஆசையாகவே இது பெரும்பாலும் எடுத்துரைக்கப்படுகின்றது. உண்மையில், இறப்பர்ப் பெருந்தோட்டப் பொருளாதாரம் எவ்வடிப்படைகளின்மீது நின்றது என்பதை இத்தோல்வி தெளிவாக்குகின்றது.

இக்கதையின் தொடக்கத்தில் இலங்கைக்கும் பங்குண்டு. 1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் இதே தப்பாஜோஸ் பிரதேசத்திலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுசென்றார். முளைத்தவற்றுட் பெரும்பகுதி அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டது. பின்னர் உலகச் சந்தை ஆசியத் தோட்டங்களின் வசமாயிற்று. விலைவீழ்ச்சியைத் தடுக்கும் பொருட்டு, 1922இல் பிரித்தானியா ஸ்டீவன்சன் திட்டத்தின்கீழ் மலாயா, இலங்கை ஆகிய நாடுகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. இப்பிடியிலிருந்து விடுபட விரும்பிய போர்ட், 1927இல் ஏறத்தாழ 25 இலட்சம் ஏக்கர் நிலத்துக்கு உரிமை பெற்றார். ஆயினும் 1928இல் அத்திட்டம் கைவிடப்பட, இறப்பர் விலையும் சரிந்தது. முதல் மரம் பால் தருமுன்னரே முயற்சியின் பொருளாதார நியாயம் தளர்ந்துவிட்டது.

மருத்துவமனை, பாடசாலை, மரம் அரியும் ஆலை, நீர்க்கோபுரம் ஆகியவற்றுடன் தொழிற்சாலை ஒழுங்கும் காட்டுக்குள் வந்தது. சங்கொலிக்கு வேலை தொடங்கியது; நேரம்பதியும் கடிகாரங்கள் பொருத்தப்பட்டன. மது விலக்கப்பட்டது. உலோகக் கூரையிட்ட வீடுகள் உள்ளூர் ஓலைக் குடிசைகளைவிட வெப்பமாயிருந்தன. உணவையும் நிர்வாகமே தீர்மானித்தது. 1930 டிசம்பரில், பரிமாறும் முறையை மாற்றித் தொழிலாளரை வரிசையில் நின்று உணவு பெறப் பணித்தபோது கலகம் மூண்டது. கடிகாரங்கள் நொறுக்கப்பட்டன, நிர்வாகிகள் படகுகளில் ஏறித் தப்பினர், இராணுவம் வரவழைக்கப்பட்டது. கலகத்தின் உடனடிக் காரணம் உணவு வரிசையே; ஆழ்ந்த காரணம், வேலை நேரத்துக்கு அப்பாலும் மனிதனை ஆள முயன்ற நிர்வாகமே.

காடும் இவ்வொழுங்குக்கு இசையவில்லை. அமேசன் காட்டில் இறப்பர் மரங்கள் ஒன்றிலிருந்தொன்று விலகிச் சிதறியே வளர்கின்றன. இலைக்கருகல் நோயை விளைவிக்கும் பங்கசு அங்கேயே தோன்றியதாயினும், இத்தூரமே அதன் பரவலைத் தடுத்தது. தாவரவியலறிஞரின் ஆலோசனையின்றி மரங்களை நெருக்கமாக நட்டபோது, இலைக்கு இலை தொடுத்து நோய் பரவியது. 1934இல் பெல்தெறா என்னுமிடத்தில் புதிய தோட்டம் தொடங்கப்பட்டு, அரும்பொட்டு முறையும் கையாளப்பட்டது. மரங்களின் விதானங்கள் நெருங்கியதும் நோய் அங்கும் தலைதூக்கியது. இறுதியில் போர்ட் நிறுவனம் எல்லாவற்றையும் ஏறத்தாழ 2 இலட்சத்து 44 ஆயிரம் டொலருக்குப் பிறேசில் அரசுக்கே விற்றது. ஹென்றி போர்ட் அந்நகருக்கு ஒருமுறையேனும் சென்றாரல்லர்.

அவ்வாறாயின், ஆசியாவில் இதே மரம் எவ்வாறு வெற்றி தந்தது? முதலாவதாக, விதை கடல் கடந்தபோது நோய் உடன்வரவில்லை. இன்றுவரை அது ஆசியாவை அடையவுமில்லை. இரண்டாவதாக, அங்கு உழைப்பும் வேரோடு பெயர்த்து நடப்பட்டது. இலங்கையின் இறப்பர்த் தோட்டங்களில் சிங்களக் கிராமத்தவரும் வேலை செய்தனராயினும், கங்காணி முறையின்கீழ்க் கடனாற் பிணைக்கப்பட்டுத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரே பெருமளவில் உழைத்தனர். லயன் அறையை விட்டால் அவர்களுக்குப் போக்கிடமில்லை. தப்பாஜோஸ் தொழிலாளியோ ஆற்றையும் காட்டையும் அறிந்தவன். வேண்டிய கூலியைப் பெற்றதும் தன் நிலத்துக்குத் திரும்ப அவனால் முடிந்தது.

ஆகவே, பெருந்தோட்டத்தின் வெற்றியை முகாமைத் திறனின் விளைவாக மட்டும் கொள்ளல் பொருந்தாது. தன் பகையிலிருந்து பிரிக்கப்பட்ட மரமும் தன் மண்ணிலிருந்து பிரிக்கப்பட்ட மனிதனும் அதற்கு வேண்டியிருந்தனர். போர்ட்லாந்தியாவில் இவ்விரண்டுமே கிட்டவில்லை.